சேலையும் தகைமையும்: நேர்முகப் பரீட்சை மண்டபத்தின் எழுதாச் சட்டம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, கல்வியியற் கல்லூரிகளிலிருந்தும் தாதியர் பயிற்சிப் பாடசாலைகளிலிருந்தும் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதங்கள் வரத் தொடங்கும் காலத்தில், தமிழ் பேசும் வீடுகளில் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. கடிதம் ஆண்பிள்ளைக்கு வந்திருந்தால், “என்ன கேட்பார்கள்?” என்பது முதற் கேள்வி. பெண்பிள்ளைக்கு வந்திருந்தால், “என்ன உடுத்துக்கொண்டு போவது?” என்பது முதற் கேள்வி. விடை கேள்விக்கு முன்னரே ஆயத்தமாக இருக்கின்றது. சேலை கட்டவேண்டும், நிறம் கண்ணைக் குத்தக்கூடாது, கூந்தலைப் பின்னவேண்டும், பொட்டு வைக்கவேண்டும், நகை அணியாமலும் இருக்கக்கூடாது, அதிகம் அணியவும் கூடாது. தாய் சொல்கிறாள், பெரியம்மா சொல்கிறாள், தனியார் கல்வி நிலைய ஆசிரியர் சொல்கிறார், முன்னைய ஆண்டிற் தெரிவான அயல்வீட்டு அக்கா சொல்கிறாள். சொல்லாதவர்கள் நேர்முகப் பரீட்சையை நடத்துவோர் மட்டுமே.

இதனை அற்ப விடயம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். நாட்டிற் பேசப்படவேண்டிய பிரச்சினைகள் மலைபோலக் குவிந்திருக்கப் பெண்கள் உடுக்கும் துணியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஆயின், பெண்கள் உடுக்கும் துணியைப் பற்றி ஓயாது பேசிக்கொண்டிருப்பது இச்சமூகமே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஓர் உத்தியோகத்தின் வாசலில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அவள் கற்றவற்றைக் கேட்பதற்கு முன்னர் அவள் உடுத்திருப்பதை அளக்கும் ஒரு முறை அற்பமானதன்று. “பெண்கள் நேர்முகப் பரீட்சைக்கு எதனை உடுக்கவேண்டும்?” என்ற கேள்வி பிழையான இடத்தை நோக்கிக் கேட்கப்படுகின்றது. “நேர்முகப் பரீட்சைச் சபை எதனைப் பரீட்சிக்கின்றது?” என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி. அதற்குச் சபையிடமிருந்து எழுத்தில் விடை வராதவரை, நேர்முகப் பரீட்சையைத் தகைமையின் அளவுகோல் என்று அழைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

இந்நாட்டின் உயர்கல்வி அனுமதிமுறையிலேயே இதற்கான முதற் சான்று உண்டு. மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் பெரும்பான்மை மாணவர்கள் இசட் புள்ளியின் அடிப்படையிற் தெரிவுசெய்யப்படுகின்றனர். நாளை மனித உடலை அறுத்துச் சிகிச்சை செய்யப்போகும் ஒரு பெண்ணை அனுமதிக்கும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அவள் சேலை கட்டியிருந்தாளா, சட்டை அணிந்திருந்தாளா என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. இசட் புள்ளி முறைமீதும் மாவட்டக் கோட்டா முறைமீதும் ஆயிரம் விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால், மாணவியின் உடையைக் கண்ணாற் காணாத காரணத்தினால் இந்நாட்டு மருத்துவத்துறை ஒழுக்கங்கெட்டுப்போயிற்று என்று இதுவரை எவரும் முறையிட்டதில்லை. அவ்வாறாயின், மூன்றாண்டுப் பயிற்சியின் பின்னர் ஆரம்பப் பாடசாலையில் எழுத்தறிவிக்கப் போகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் கண்பார்வைச் சோதனை ஏன் வேண்டியதாயிற்று?

கல்வியியற் கல்லூரிகள் 1980களின் நடுப்பகுதியிற் தோன்றின. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குச் சட்டவடிவம் தந்தது. பல்கலைக்கழக வாயிலை மயிரிழையிற் தவறவிட்ட பிள்ளைகளுக்கு, சிறப்பாக வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு, நிரந்தரத் தொழிலொன்றை நோக்கித் திறந்திருக்கும் கதவுகளில் இது முதன்மையானது. உணவும் உறைவிடமும் கல்லூரியிலேயே கிடைப்பதால், ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றவல்லது. அத்தகைய கதவின் முன்னால் இடப்படும் தடை எத்துணை சிறியதாயினும், அதன் விளைவு சிறியதாவதில்லை.

தாதியர் பயிற்சியை எடுத்துக்கொண்டால் இம்முறையின் பொருந்தாமை மேலும் துலங்கும். அரசாங்க வைத்தியசாலைகளிற் தாதியர் அணிவது வெண்ணிறச் சட்டைச் சீருடை. நோயாளியைத் தூக்கவும், அவசர வேளையில் விரைந்து நடக்கவும், தொற்றுப் பரவாமற் காக்கவும் உகந்த உடை அது. விடுதியில் ஒருநாளேனும் சேலையுடன் கடமையாற்றப்போகாத பெண், அக்கடமைக்குத் தெரிவாவதற்காகச் சேலை கட்டிக்கொண்டு வருகின்றாள். தொழிலுக்குரிய உடை என்று வாதிடுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்? தொழிலுக்குரிய உடைக்குப் பயன் உண்டு. அதனை எவரும் மறுக்கவில்லை. இங்கு கோரப்படுவது தொழிலுக்குரிய உடையன்று, பணிவுக்குரிய உடை. “இவள் அடங்கி நடப்பாள்” என்று சபையிலுள்ளோருக்கு உறுதியளிக்கும் சாட்சிப் பத்திரமாகவே சேலை அங்கு வாசிக்கப்படுகின்றது.

எங்கே அப்படி விதி இருக்கின்றது, எந்த அழைப்புக் கடிதத்திற் சேலை கட்டி வருமாறு எழுதப்பட்டிருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, விடை அதனினும் பாரதூரமானது. எழுதப்பட்ட விதியை வாசிக்கலாம், மறுக்கலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முன்னரோ நீதிமன்றத்தின் முன்னரோ கொண்டுசெல்லலாம். எழுதப்படாத விதியை எங்கே கொண்டுசெல்வது? தெரிவுசெய்யப்படாத பெண்ணுக்கு, அவள் சொன்ன விடை குறைந்ததா, அணிந்த உடை குறைந்ததா என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை. அந்த ஐயமே அடுத்த ஆண்டு அவளுடைய தங்கையைச் சேலைக்குள் தள்ளுகின்றது. இவ்வாறு, எவரும் இயற்றாத ஒரு சட்டத்தை எல்லோரும் நிறைவேற்றுகின்றனர்.

எழுதப்பட்ட விதிக்கும் எழுதப்படாத விதிக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக்கால வரலாறு நன்கு காட்டுகின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் குண்டுத் தாக்குதல்களின் பின்னர், அரசாங்க நிர்வாக அமைச்சு வெளியிட்ட 13/2019ஆம் இலக்கச் சுற்றுநிருபம், அரச அலுவலகங்களிற் கடமையாற்றும் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணிதல் வேண்டுமென்று விதித்தது. பாதுகாப்பு என்பது கூறப்பட்ட காரணம். அபாயா அணிந்து பல்லாண்டுகள் கடமையாற்றிய முஸ்லிம் பெண்களே அதன் சுமையைத் தாங்கினர் என்பது வெளிப்படை. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்தது; சுற்றுநிருபம் திருத்தப்பட்டது. அநீதியானது எழுத்தில் இருந்தமையினாலேயே அதனை எதிர்க்க முடிந்தது. நேர்முகப் பரீட்சை மண்டபத்தில் அதே அநீதி எழுத்தின்றி நிகழ்ந்தால் ஆட்சேபிக்க ஆவணம் இல்லை, திருத்த வாசகம் இல்லை.

தமிழ்ச் சமூகம் இவ்விடத்திற் தன்னையே நோக்கவேண்டியுள்ளது. அச்சுற்றுநிருபத்துக்கு ஓராண்டு முன்னர், 2018இல், திருகோணமலையின் இந்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமைக்கு எதிர்ப்புக் கிளம்பியது. அவர்கள் அங்கிருந்து இடமாற்றம் பெற நேர்ந்தது. அன்று சேலையே பாடசாலையின் பண்பாடு என்று முழங்கியவர்கள் தமிழர். பெரும்பான்மை இனத்தின் மொழியும் சின்னங்களும் தம்மீது திணிக்கப்படுவதை எதிர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் குரல் கொடுத்த ஒரு மக்கட் கூட்டத்தினர், தாம் பெரும்பான்மையாயுள்ள ஒரு வளவுக்குள் அதே நியாயத்தைத் தலைகீழாக்கினர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையில் இனம், மதம், பால் முதலியவற்றின் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாதென்று கூறுகின்றது. 14ஆம் உறுப்புரையில் மதத்தை வெளிக்காட்டி ஒழுகும் உரிமையைத் தருகின்றது. தமக்கு வேண்டும்போது இவ்வுறுப்புரைகளைத் தூக்கிப்பிடிப்போர், அயலவருக்கு வேண்டும்போது அவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது நேர்மையன்று.

பல்கலைக்கழகமும் இதற்குப் புறம்பானதன்று. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில், மாணவியர் வெள்ளிக்கிழமைகளிற் சேலை அணியவேண்டும் என்றும், விரிவுரைகளுக்கு டெனிம் காற்சட்டையும் ரீசேட்டும் அணிந்து வரலாகாது என்றும் கூறிய அறிவித்தல் பெருஞ் சர்ச்சைக்குள்ளானது. ஆராய்ச்சியும் ஐயுறவும் வளரவேண்டிய இடத்தில் அத்தகைய அறிவித்தல் எழுவதற்கு இடமிருந்ததென்றால், அங்கிருந்து பட்டம் பெற்றுச் சென்று நேர்முகப் பரீட்சைச் சபைகளில் அமர்வோர் எக்கண்கொண்டு விண்ணப்பதாரிகளைப் பார்ப்பர் என்பது சொல்லாமலே விளங்கும்.

சேலை பண்பாட்டின் சின்னம் என்பாரின் வாதம் வரலாற்றின் முன்னால் நிற்குமா என்பதும் ஆராயப்படவேண்டியது. தைக்கப்படாத நீண்ட துணியை உடலிற் சுற்றி உடுக்கும் வழக்கம் தொன்மையானது, அதில் ஐயமில்லை. ஆயின் நேர்முகப் பரீட்சைக்கு உரியதென்று கருதப்படும் சேலை, அதாவது உட்பாவாடையும் தைத்த சட்டையும் கூடிய, மடிப்பு வைத்துத் தோளிற் போடப்படும் சேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் உருவாக்கம். வங்காளத்துத் தாகூர் குடும்பத்தின் மருமகளான ஞானதாநந்தினி தேவி, வெளியுலகுக்கு வரும் பெண்ணுக்கு உகந்ததாக அம்முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். இலங்கையிற் சிங்களப் பெண்கள் ஐரோப்பிய உடையைக் கைவிட்டுச் சேலை உடுக்கவேண்டுமென்று பிரசாரம் செய்தவர் அநகாரிக தர்மபால. மாறிய காலத்துக்கேற்பப் பெண்களுக்கு வாய்ப்பளிக்கும் உடையாகவே ஒரு காலத்திற் சேலை அமைந்தது. புதுமைக்கு வழிவிட்ட ஒன்றைப் புதுமையைத் தடுக்கும் வேலியாக்குவோர், அதன் வரலாற்றுக்கே துரோகம் செய்கின்றனர்.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனைப் பண்பாட்டுக் காவலர்கள் பேச விரும்புவதில்லை. திருவிதாங்கூரிற் சாணார்ப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859ஆம் ஆண்டு அரச பிரகடனத்தின் மூலமே அதனை ஓரளவு பெற்றனர். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. குறுக்குக்கட்டே அவர்களுக்கு விதிக்கப்பட்ட உடை. இன்று “சேலையும் சட்டையும் எமது பண்பாடு” என்று கூறும் அதே சமூகந்தான், அன்று சட்டை அணியத் துணிந்த பெண்களைத் தண்டித்தது. அன்று அணியாதே என்றது. இன்று அணி என்கின்றது. மாறாதிருப்பது ஒன்றே: பெண்ணின் உடலில் எது இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவளிடம் இல்லை. பண்பாடு என்ற சொல்லின் திரையை விலக்கினால் எஞ்சுவது இந்த அதிகாரமே.

பண்பாட்டைக் காக்கும் கடமை உண்மையிலேயே எல்லோருக்கும் உரியதாயின், ஆண் விண்ணப்பதாரிகள் வேட்டியுடனும் சால்வையுடனும் வரவேண்டும். அவ்வாறு வருவோர் எத்தனை பேர்? ஆண்கள் நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, கழுத்துப்பட்டி கட்டி, ஐரோப்பிய எழுதுவினைஞனின் தோற்றத்தோடு வருகின்றனர். அவர்களிடம் எவரும் பண்பாட்டுக் கணக்குக் கேட்பதில்லை. வெளியுலகில் அந்நியனைப் பின்பற்ற ஆணுக்கு அனுமதி. வீட்டையும் மரபையும் உடலிற் சுமந்து நிற்கப் பெண்ணுக்குக் கட்டளை. காலனித்துவக் காலத் தேசியவாதம் இவ்வாறு அகம், புறம் என உலகை வகுத்து, அகத்தைப் பெண்ணின்மேல் ஏற்றியதை வங்காள அறிஞர் பார்த்தா சட்டர்ஜி விரிவாக ஆராய்ந்துள்ளார். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அந்த வகுப்பறையின் விசுவாசமான மாணவர்கள். போர்க்காலத்திற் காற்சட்டையும் சட்டையும் அணிந்து ஆயுதமேந்திய பெண்களைப் போற்றிப் பேசிய நாவுகளே, போர் முடிந்தபின் வகுப்பறைக்குச் செல்லும் பெண்ணுக்குச் சேலையை விதிக்கின்றன. சாவதற்குக் காற்சட்டை தடையாக இருக்கவில்லை. கற்பிப்பதற்கு மட்டும் அது தடையாகிவிட்டது போலும்.

இந்த எழுதாச் சட்டத்தின் விலையைக் கொடுப்போர் யார்? வசதி படைத்த நகரத்துப் பெண்ணுக்குச் சேலை ஒரு பிரச்சினையன்று. தாயின் அலுமாரியில் இருபது சேலைகள் உண்டு. நேர்முகப் பரீட்சை நடைபெறும் இடத்துக்கு வாகனமும் உண்டு. தோட்டப்புறத்து லயத்திலிருந்து வரும் பெண்ணின் நிலை வேறு. சேலை இரவல், சட்டை அவள் அளவுக்குத் தைக்கப்படாதது, ஊசி குத்தி இறுக்கப்பட்டது. விடியுமுன் எழுந்து, மலைப்பாதையில் இறங்கி, நெரிசல் மிகுந்த பேருந்தில் நின்றவாறு பலமணி நேரம் பயணஞ்செய்து, கசங்கிய மடிப்புடன் அவள் சபையின்முன் வந்து நிற்கின்றாள். வாழ்நாளில் இரண்டு மூன்று முறையே சேலை கட்டியவள், அன்று முழுவதும் அது அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தோடு இருக்கையின் நுனியில் அமர்ந்திருப்பாள். கேள்விக்கு விடை தேடவேண்டிய மனம் முந்தானையைத் தேடிக்கொண்டிருக்கும். அவளுடைய தடுமாற்றம் ‘ஆளுமைக் குறைவு’ என்று குறிக்கப்படும். தடுமாற்றத்தை உண்டாக்கியவர்களே அதற்குப் புள்ளியும் குறைப்பார்கள்.

முஸ்லிம் பெண்ணுக்கோ இது பொருளாதாரப் பிரச்சினை மாத்திரமன்று. தன் மனச்சாட்சிக்கு உகந்த உடையில் வந்தாற் ‘பொருந்தாதவள்’ என்று கருதப்படுவாளோ என்ற ஐயம். அதனை மாற்றிக்கொண்டு வந்தால் தன்னையே மறுத்தாளோ என்ற குற்றவுணர்வு. அரசாங்கப் பாடசாலைகளிற் பௌத்த பிக்குகள் காவியுடையிலும் கத்தோலிக்க அருட்சகோதரிகள் தமது சபையின் அங்கியிலும் கற்பிக்கின்றனர், அவர்களுடைய உடையினால் கல்வி குலைந்ததென்று எவரும் கூறியதில்லை, கூறவும் கூடாது. அங்கே மதத்தின் உடைக்கு இடமிருக்கின்றதென்றால், இங்கே அது இல்லையென்பது எந்த நியாயம்?

மேலைநாடுகளில் இப்பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று எண்ணுவோரும் உளர். அதுவும் மாயையே. இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் சட்டத்தொழிலின் கதவு பெண்களுக்குத் திறந்தது. 1922இல் முதற் பெண் பாரிஸ்டர்கள் தொழிலுக்குள் நுழைந்தனர். அவ்வாண்டிலேயே அவர்களுடைய உடையைப் பற்றிய அறிவுறுத்தலும் பிறந்தது: உடை கரியதாகவும் அடக்கமானதாகவும் இருத்தல் வேண்டும், விக் என்னும் பொய்முடி அவர்களுடைய கூந்தலை முற்றாக மறைத்தல் வேண்டும். நீதிமன்றிற் காற்சட்டை அணிவதற்கு அந்நாட்டுப் பெண் பாரிஸ்டர்கள் 1995ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. இலங்கையில் 1933ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சட்டத்தொழிலுக்குப் பெண்களுக்கிருந்த தடையை நீக்கிற்று. எங்கும் ஒரே கதைதான்: கதவைத் திறக்கும் கை, உடனேயே உடைப் பட்டியலையும் நீட்டுகின்றது.

அமெரிக்காவின் வழக்கொன்று இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. பிரைஸ் வோட்டர்ஹவுஸ் என்னும் பெருங் கணக்காய்வு நிறுவனத்திற் பங்காளராகும் தகுதி பெற்றிருந்த ஆன் ஹொப்கின்ஸ் என்ற பெண் அப்பதவி கிடைக்காது நிறுத்தப்பட்டார். இன்னும் பெண்மையோடு நடக்கவும், பேசவும், உடுக்கவும், முகப்பூச்சுப் பூசவும், நகை அணியவும் அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1989இல், பெண் இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்ற முன்முடிவின் அடிப்படையில் ஒருவரின் தொழில் முன்னேற்றத்தைத் தடுப்பது பாரபட்சமே என்று கொண்டது. அங்கே அலங்காரம் போதாதென்று ஒரு பெண் நிறுத்தப்பட்டார். இங்கே அலங்காரம் மிகையென்று மற்றொருத்தி நிறுத்தப்படலாம். எளிமையாக வந்தால் அக்கறையற்றவள். சிறப்பாக வந்தால் ஆடம்பரக்காரி. கோடு எங்கே வரையப்பட்டிருக்கின்றது என்பது கோட்டின்மேல் நடப்பவளுக்குத் தெரியாது. அத்தகைய கோடு வழிகாட்டுவதற்காக வரையப்படுவதன்று, விழுத்துவதற்காக வரையப்படுவது.

இனி, எதிர்வாதங்களை நோக்கலாம். ஆசிரியர் முன்மாதிரியாக இருக்கவேண்டும். ஆகவே உடை முக்கியம் என்பது முதலாவது. முன்மாதிரி என்பது எதற்கு? நேரந்தவறாமைக்கு, பாரபட்சமின்மைக்கு, வாசிப்புக்கு, பிள்ளைகளை அடிக்காமற் கற்பிக்கும் பொறுமைக்கு முன்மாதிரி வேண்டும். இவற்றில் எதனையும் சேலை தராது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, செலவையும் போக்குவரத்துச் சிரமத்தையும் எடுத்துக்கூறி ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத, ஆனால் ஒழுங்கான உடைகளிற் பாடசாலைக்குச் சென்றனர். கல்வி அமைச்சு அதனை ஏற்காது சேலையையே வலியுறுத்திற்று. பிள்ளைகள் காலையுணவின்றி வகுப்பறைகளில் மயங்கிய காலம் அது. அவ்வேளையிலும் ஆசிரியையின் உடையே தேசத்தின் ஒழுக்கப் பிரச்சினையாகத் தோன்றியதென்றால், நோய் உடையில் இல்லை, பார்வையில் இருக்கின்றது.

சேலை ஏழை, பணக்காரர் என்ற வேறுபாட்டை மறைக்கின்றது என்பது இரண்டாவது வாதம். பாடசாலைச் சீருடைக்கு இது பொருந்தலாம். ஏனெனில் அதன் துணியை அரசு வழங்குகின்றது, நிறமும் ஒன்று. சேலையோ வேறுபாட்டை மறைப்பதில்லை, விளம்பரப்படுத்துகின்றது. நூற்சேலையா, பட்டா, இரவலா, புதியதா என்பதைக் கணப்பொழுதில் வாசித்துவிடும் கண்களுக்கு இச்சமூகத்திற் பஞ்சமில்லை.

மூன்றாவது வாதமே கவனத்துக்குரியது. கொள்கை பேசுவோர் பேசட்டும். ஏழைப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவேண்டும். ஆகவே அவள் சேலை கட்டிக்கொண்டு போவதே புத்தி என்பர் அனுபவசாலிகள். தாய்மார் இவ்வாறு கூறுவதிற் தவறில்லை. அது அன்பின் கணக்கு. சேலை கட்டிச் செல்லும் பெண்ணைக் குறைகூறுவதும் அறமன்று. பலருக்குச் சேலை விருப்பமான, தன்னம்பிக்கை தரும் உடையே. ஆயின், பலமற்றவளின் தந்திரத்தைப் பலமுள்ளவர்களின் நியாயமாக மாற்றுவது மோசடி. பசித்தவன் பணிந்து பேசுகின்றான் என்பதற்காகப் பணிவே உணவுக்குரிய விலை என்று கூறலாமா? போராடும் பொறுப்பைப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றி, அவள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதைத் தூரத்தில் நின்று பார்ப்பதும் நேர்மையன்று. மாறவேண்டியது மேசையின் இந்தப் பக்கமன்று; அந்தப் பக்கம்.

கண்ணின் முற்சாய்வை ஒழுங்கமைப்பினால் வெல்ல முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் 1970களிலும் 1980களிலும் புதிய இசைஞரைத் தெரிவுசெய்யும்போது, வாசிப்பவருக்கும் தேர்வாளருக்கும் இடையிற் திரையிடும் வழக்கத்தைக் கைக்கொண்டன. நடந்துவரும்போது குதியுயர்ந்த பாதணியின் ஒலி பெண் என்று காட்டிவிடலாம் என்பதால், தரையில் விரிப்பிட்டும் பாதணியைக் கழற்றச் செய்தும் அதனையும் மறைத்தனர். அக்குழுக்களிற் பெண்களின் தொகை அக்காலத்திலிருந்து பெருகியது. தேர்வாளர்கள் கொடியவர்களாக இருக்கவேண்டியதில்லை. நல்லவர்களின் கண்களும் பழகிய வழியே பார்க்கும். நேர்முகப் பரீட்சையிற் திரையிட முடியாதென்பது உண்மை. ஆனால் கண்ணுக்குக் கடிவாளமிடலாம்.

அதற்கு வேண்டியவை பெரும் புரட்சிகளல்ல. நேர்முகப் பரீட்சைக்கான ஒவ்வொரு அழைப்புக் கடிதத்திலும், சுத்தமான எவ்வுடையும் ஏற்கப்படும் என்றும், உடைக்கோ தோற்றத்துக்கோ புள்ளி இல்லையென்றும் மூன்று மொழிகளிலும் எழுதப்படவேண்டும். புள்ளி வழங்கும் பிரிவுகளும் அவற்றுக்குரிய புள்ளிகளும் விண்ணப்பதாரிக்கு முன்னதாகவே அறிவிக்கப்படவேண்டும். ‘ஆளுமை’ என்ற சொல் அப்பட்டியலில் இருக்குமாயின் அதன் பொருள் விளக்கப்படவேண்டும். விளக்க முடியாவிடின் அது நீக்கப்படவேண்டும். எல்லா விண்ணப்பதாரிகளிடமும் ஒரே வரிசையில் ஒரே கேள்விகள் கேட்கப்படவேண்டும். சபையிற் பெண்களும், விண்ணப்பதாரிகள் சார்ந்த சமூகங்களைச் சேர்ந்தோரும் இடம்பெறவேண்டும். தெரிவாகாதவர் கேட்பின் அவருடைய புள்ளி விபரம் வழங்கப்படவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இத்தகைய கோரிக்கைக்கு வழிவகுத்துள்ளது. இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. ஒரு தாளும் கொஞ்சம் நாணயமும் போதும்.

இவற்றைச் செய்யவேண்டியவர்கள் எங்கோ கொழும்பில் அமர்ந்திருக்கும் முகமற்ற அதிகாரிகள் மட்டுமல்லர். விரிவுரையாளர்கள் இன்றே இத்தகைய சபைகளுக்கு அழைக்கப்படுகின்றனர். இன்று கலைப்பீடத்தின் வாங்குகளில் அமர்ந்திருப்போரிற் பலர், பத்தாண்டுகளிற் கல்வி நிர்வாக சேவையிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் மேசையின் அந்தப் பக்கம் அமர்ந்திருப்பர். வர்க்கம், சாதி, பால் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக விடையெழுதிப் பட்டம் பெற்ற அவர்கள் முன், ஒருநாட் காலை, இரவற் சேலையில் ஒருத்தியும், அபாயாவில் ஒருத்தியும், தானே தோய்த்து அழுத்திய பாடசாலைக் காலச் சட்டையில் ஒருத்தியும் வந்து அமரப்போகின்றனர். மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, விடைக்கு மட்டும் புள்ளியிடும் நேர்மை அன்று அவர்களிடம் இருக்குமாயின், பல்கலைக்கழகம் தன் கடமையைச் செய்திருக்கின்றது எனலாம். இல்லாவிடின், தகைமை என்ற சொல்லை இந்நாட்டு விண்ணப்பப் படிவங்களிலிருந்து நீக்கிவிட்டு, அவ்விடத்திற் சேலை என்றே அச்சிட்டுவிடலாம். அது குறைந்தபட்சம் உண்மையாகவேனும் இருக்கும்.